கடல் பக்கமாக ஒரு பந்து அகலம்

நம் வயதில் வானிலை அறிக்கையை யாரும் நம்புவதில்லை, முழங்காலைத்தான் நம்புகிறோம். என் முழங்கால் நேற்றுக் காலையிலேயே சொல்லிவிட்டது, தென்மேற்குக் காற்று இறங்கிவிட்டதென்று. மத்தியானத்துக்குள் எங்கள் டெய்ரி ஃபார்ம் குடியிருப்பு முழுக்க ஜன்னல் சாத்தும் சத்தம். என்னோடு இந்தத் தீவில் வளர்ந்துவிட்டு, இப்போது மெயின்லாந்தில் மகன் வீட்டு மூன்றாம் மாடியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்களே, உங்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுகிறதா? எனக்கு அது கேட்டால் போதும், வயது உதிர்ந்துவிடும். பத்து வயதில், நனைந்த யூனிஃபார்மில், அக்காவின் பந்து எங்கே விழும் என்று கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பேன்.

தீவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வருடத்தில் பாதி காற்று ஒரு பக்கத்திலிருந்து வரும், மீதி மறுபக்கத்திலிருந்து. வீட்டில் எல்லாமே அதைப் பார்த்துத்தான் நடக்கும். மே மாதக் கடைசியில் அம்மா துணிக்கொடியை மாற்றிக் கட்டுவாள். காயப்போடும் ஒவ்வொரு துணியின் முனையையும் கொடியோடு சேர்த்து முடிச்சுப் போடுவாள். இல்லாவிட்டால் அப்பாவின் காக்கிச் சட்டை அடுத்த வீட்டு பெங்காலி ஆன்ட்டியின் கொய்யா மரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆன்ட்டி அதைக் கழியால் தட்டி எடுத்துக்கொண்டு, "சாரங் பாபு கா ஷர்ட் ஃபிர் சே மேரே கர் ஆயா" என்று சிரித்தபடி வருவாள், சாரங்கின் சட்டை மறுபடியும் என் வீட்டுக்கு விருந்து வந்துவிட்டது என்று.

அப்பா துறைமுகத்தில் சாரங். பெரிய கப்பல் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் வழிகாட்டும் பைலட்டை ஏற்றி இறக்குகிற விசைப்படகு அவர் கையில் இருந்தது. ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து இளவயதில் வந்தவர். பேச்சு குறைவு. பேசினால் பழமொழி, இல்லாவிட்டால் படகு. ஒருமுறை அவர் படகில் போனபோது, ஜெட்டி நேர் எதிரே இருக்க, படகின் மூக்கு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. பயந்துபோய்க் கேட்டேன். "ஜெட்டியப் பாத்து விட்டா ஜெட்டிக்குப் போகாது தாயி. காத்துக்குக் கொஞ்சம் விட்டுக் குடுத்து விடணும்" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் அவர் பேசியதாக ஞாபகம் இல்லை.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். நெடுநெடுவென்று வளர்ந்து, பள்ளிக்கூட வாசலில் தலை இடித்துக்கொள்ளாமல் இருக்கக் குனிந்து பழகியவள். தெருவில் போனால், "இதுக்கு மாப்பிள்ளைய லைட்ஹவுஸ்லதான் தேடணும்" என்று பெண்கள் சொல்லுவார்கள். அவள் நிமிர்ந்து நின்று நான் பார்த்தது ஒரே ஓர் இடத்தில்தான். ஜங்லிகாட் கடைத்தெருவுக்கு மேலே, மேட்டில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து மைதானத்தில்.

மைதானம் என்பது பெரிய வார்த்தை. வெடித்த சிமென்ட் தளம். வளையத்தைப் பார்த்து நின்றால் வலது பக்கம் பள்ளிச் சுவர், இடது பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே விரிகுடா. மறுபக்கத்துக் காற்றைச் சுவர் மறித்துவிடும், மைதானத்துக்கு எப்போதும் கடல் காற்றுதான். உப்புக் காற்றில் வளையம் துருப்பிடித்து, தொட்டால் விரலில் சிவப்பாக ஒட்டும். நூல் வலை ஒரு மழைக்குக்கூடத் தாங்காததால் ஜங்லிகாட்டு மீனவர் ஒருவர் பழைய மீன் வலையில் ஒரு துண்டை வெட்டிக் கட்டிக்கொடுத்திருந்தார். வெயில் காலத்தில் அந்த வலை நாறும். பந்து அதற்குள் புகுந்து வரும்போது மீன் வாசனையோடு வரும். எனக்கு இன்றைக்கும் கூடைப்பந்து என்றால் அந்த வாசனைதான்.

பந்தோ மழையில் ஊறி ஊறிப் பலாக்காய் கனம் கனக்கும். அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியில் காய வைப்பாள். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் பந்து உட்கார்ந்திருக்கும், வீட்டுக்கு வந்த உறவுக்காரர் மாதிரி. அதன் மேல் இருந்த கோடுகள் எல்லாம் தேய்ந்து, கடைசியில் வெறும் தோல் உருண்டையாக இருந்தது. அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்த மைதானமும் இப்போது இல்லை. அங்கே ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள்.

பி.டி. மாஸ்டர் புரோத்ராபூரிலிருந்து பஸ்ஸில் வருவார். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் பாக்குத் தோட்டம். அவருக்குத் தெரிந்தது வாலிபால். கூடைப்பந்தை ஒரு புத்தகத்தைப் படித்துக் கற்றுக்கொண்டு, மழையில் குடை பிடித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். "பேட்டி, ஊப்பர் தேக்கோ! கை ஊப்பர்!" என்று கத்துவார், மேலே பார் மகளே, கை மேலே என்று. விசிலில் மழைத் தண்ணீர் புகுந்து, ஊதினால் கொப்பளிக்கிற சத்தம் வரும். அவர் பெரிதாக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் பொழுது சாய்ந்தபிறகும் மைதானத்தைப் பூட்டாமல் நின்றிருப்பார். அதுவே பெரிய உபகாரம்.

என் வேலை பந்து பொறுக்குவது. சரிவில் உருண்டுவிட்டால் அது விரிகுடா வரைக்கும் போய்விடும். அக்கா நிற்பாள், மூச்சை இழுப்பாள், கை மேலே போகும். பந்து புறப்படும்போது வளையத்துக்குச் சம்பந்தமில்லாமல் கடல் பக்கமாகப் போவது போலிருக்கும். நடு வானத்தில் அதற்கு மனம் மாறும். காற்று தோளில் கை போட்டு அழைத்து வருகிற மாதிரி மெல்ல வளைந்து, வலைக்குள் இறங்கும். எனக்கு அதில் அதிசயம் எதுவும் தெரியவில்லை. பந்து என்றால் அப்படித்தான் போகும் என்று நினைத்திருந்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவளைக் கேட்டால், நேராகத்தான் எறிகிறேன் என்று சத்தியம் பண்ணியிருப்பாள்.

அவள் ஒன்பதாம் வகுப்பில் பள்ளி அணியில் சேர்ந்தாள், அடுத்த வருடமே கேப்டன். பன்னிரண்டாவது படித்த வருடம், தீவுகளுக்கிடையிலான போட்டி எங்கள் பள்ளியிலேயே நடந்தது. ரங்கத்திலிருந்தும் மாயாபந்தரிலிருந்தும் படகில் பெண்கள் வந்து வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டுத் தூங்கினார்கள். கடைசி ஆட்டம் நிக்கோபார் பெண்களோடு. அவர்கள் ஓடினால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு வேகம். ஆட்டம் முழுக்க மழை. யார் ஜெயிக்கிறார்கள் என்பதே தெரியாமல் குடைகளுக்கு நடுவே நாங்கள் கத்தினோம். மழைத் திரைக்குள்ளிருந்து அக்காவின் நீளக் கை மட்டும் எழுந்து எழுந்து இறங்கியது. முடிந்ததும் நிக்கோபார் கேப்டன் வந்து அக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். அப்போதுதான் நாங்கள் ஜெயித்தது எனக்குத் தெரிந்தது.

அம்மா முந்தானையால் அக்காவின் தலையைத் துவட்டினாள். அப்பா வரவில்லை. அவர் எந்த ஆட்டத்துக்கும் வந்ததில்லை, கப்பல் இருக்கிறது என்பார். அப்படித்தான் நாங்கள் நினைத்திருந்தோம்.

மறுநாள் பி.டி. மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில், விளையாட்டில் தேர்வானால் இடமும் கிடைக்கும், விடுதியும் கிடைக்கும் என்றார். அக்காவின் மார்க்கு சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. மார்க்கை வைத்து அவள் எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்க முடியாது. இங்கேயே இருந்தால் டைப்ரைட்டிங் கிளாஸ். அப்புறம் ஒரு கான்ட்ராக்டர் வீட்டிலிருந்து ஏற்கெனவே பெண் கேட்டு ஆள் வந்துபோயிருந்தது. ஆக, பந்து விழுந்தால் கல்லூரி, விழாவிட்டால் கல்யாணம். பத்து வயதில் எனக்கே அது விளங்கியது.

அப்பா தரையைப் பார்த்தபடி கேட்டார்: "பொட்டப்புள்ள. கடல் தாண்டி. அங்க யாரு இருக்கா?"

"உங்க தம்பி இருக்காரு. நீங்க இந்தக் கடலத் தாண்டி வரலியா?" என்றாள் அம்மா. அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் அப்பா எழுந்து போய் விடுமுறைக்கு எழுதிக்கொடுத்தார். துணைக்கு நானும்.

கப்பலில் நேரம் கரைந்துவிடும், உங்களுக்குத் தெரியும். விழிப்பா தூக்கமா என்று தெரியாமல் அடுக்குப் படுக்கை போட்ட பங்க் வகுப்பில் படுத்துக் கிடந்தோம். டீசல் வாசனை, ஊறுகாய் வாசனை, யாரோ ஓர் ஆயா தெலுங்கில் பிள்ளைக்குப் பாடும் தாலாட்டு. மேல்தளத்துக்குப் போனால் எந்தப் பக்கமும் நீலம். பறக்கும் மீன்கள் கிளம்பிக் கொஞ்ச தூரம் போய், ஏதோ மறந்துவிட்டதைப் போலத் திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கிவிடும். அக்கா கம்பியோரம் நின்று, பந்து இல்லாமல் வெறும் கையால் எறிந்துகொண்டே இருந்தாள். கடலுக்கு நடுவில் வளையம் ஒன்று அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அப்பா கப்பலில் பயணியாக இருக்கத் தெரியாமல் தவித்தார். இன்ஜின் சத்தம் மாறும்போதெல்லாம் எழுந்து உட்காருவார்.

அந்தக் கல்லூரி ஹாலை நான் கனவில் இன்னும் பார்க்கிறேன். கூரை போட்ட மைதானத்தை அதுவரை நான் கண்டதில்லை. கண்ணாடி மாதிரி மரத்தளம். வெள்ளை வெளேரென்று வலை, அசையாமல் தொங்கியது. மெட்ராஸ் பெண்கள் அரைக்கால் சட்டையில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கழுத்தில் விசிலோடு ஒரு மேடம், குட்டை முடி, சிரிக்காத முகம். அக்கா சாக்பீஸ் தேய்த்து வெளுக்க வைத்த கேன்வாஸ் ஷூவில் உள்ளே போனாள். நடந்த இடமெல்லாம் வெள்ளைத் தடம்.

"எறிம்மா" என்றார் மேடம்.

முதல் பந்து வளையத்தின் இடது ஓரத்தில் பட்டுத் தெறித்தது. பதற்றம் என்று நினைத்தேன். இரண்டாவதும் அதே இடத்தில் பட்டது. அப்பா என் பக்கத்திலிருந்து எழுந்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாவது, நான்காவது, எல்லாம் இடது ஓரம். அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், அது வேறு யாருடையதோ என்பது போல. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"உயரம் இருக்கு. குறி இல்லையேம்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் மேடம்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா சொன்னார்: "ஆலையில்லா ஊருக்கு இலுப்பப்பூ சர்க்கரை. நம்ம தீவுல பெருசா தெரிஞ்சோம். அவ்வளவுதான் தாயி. விடு." அக்கா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

தோற்றவர்கள் வீட்டுக்குப் போய் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. திரும்பும் கப்பல் எப்போது கிளம்புகிறதோ அதுவரை மெட்ராஸில் கிடக்க வேண்டும். பெரம்பூரில் சித்தப்பா வீடு, சந்துக்குள் சந்து. சித்தி டெலிபோன் ஆபரேட்டர். பட்டணத்திலேயே பிறந்தவள், வாய் நிற்காது. அந்த வீட்டில் அக்கா பாத்திரம் தேய்த்தாள், துணி துவைத்தாள், சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள். யாரிடமும் பேசவில்லை. அப்பா மட்டும் வழக்கத்தைவிட அதிகம் பேசினார். சித்தப்பாவிடம் கான்ட்ராக்டர் வீட்டைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மொட்டை மாடியில் அக்கா துணி காயப்போட்டாள். நான் கிளிப் டப்பாவோடு நின்றேன். சித்தி வடகம் எடுக்க வந்தவள், அக்காவைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இன்னாடி பண்ற? புடவைக்கெல்லாம் முடிச்சுப் போட்டுக் கட்டறே! துணி என்ன, எவனோடவாவது ஓடிப்போயிடுமா?"

அக்காவின் கை நின்றது. கொடியைப் பார்த்தாள். சித்தியின் புடவை, அப்பாவின் வேட்டி, என் பாவாடை, எல்லாம் செங்குத்தாக, ஒரு சுருக்கம்கூட அசையாமல் தொங்கின. வெயில் கொதித்தது. தூரத்தில் ஏதோ கூட்ஸ் வண்டி போனது. அக்கா விரலை வாயில் வைத்து ஈரமாக்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். பிடித்தபடியே வெகு நேரம் நின்றாள்.

"இங்க ஹவாவே இல்லடி, காத்தே இல்ல" என்றாள் என்னிடம். நாட்கணக்கில் அவள் பேசிய முதல் பேச்சு. "அந்த ஹால்லயும் இல்ல. பந்து நான் எறிஞ்ச இடத்துக்கேதான்டி போச்சு!"

அப்புறம்தான் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள். சித்திக்கு ஒன்றும் புரியவில்லை, "பைத்தியம் புடிச்சிருச்சா புள்ளைக்கு?" என்று என்னைக் கேட்டாள். எனக்கும் பாதிதான் புரிந்தது. நேர் என்று நாங்கள் அதுவரை நினைத்திருந்தது நேரே இல்லை என்பதை அக்கா எனக்கு விளக்கிச் சொன்னபோது, காலுக்குக் கீழே கப்பல் தளம் ஆடுவது போலிருந்தது.

இறங்கி ஓடினோம். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரே ஒரு வாட்டி திரும்பப் போவோம்பா. காத்து இல்லாததுதான்பா காரணம். என் கை காத்துக்குப் பழகிருச்சு."

அப்பா பேப்பரை இறக்கவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வேணாம் தாயி. வெட்கம் கெட்டுப்போயி இன்னொரு தரம் நிக்க வேணாம்."

சித்திதான் கேட்டாள்: "ஏன் மாமா, குழந்தை கேக்கறா, கூட்டிட்டுப் போனா குறைஞ்சா போயிடுவீங்க?" அப்பா பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சித்தி பார்த்தாள். "சரி, உங்களுக்கு வெட்கமா இருந்தா நீங்க இருங்க. எனக்கு அதெல்லாம் கிடையாது" என்றாள்.

சித்தி வீட்டுக்குப் பின்னால் ஒரு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம். அதன் வளையத்துக்கு வலையே இல்லை. அக்கா விடியற்காலையில் அங்கே போய், வாட்ச்மேனிடம் கெஞ்சிப் பந்தும் வாங்கி உள்ளே நுழைந்து எறிந்தாள். புதிதாக நடக்கக் கற்றுக்கொள்ளும் குழந்தையைப் போல இருந்தது. கை தானாகக் கடல் பக்கம் தேடும். இல்லாத கடலை எப்படி மறப்பது? பந்து இடது ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்தது. நான் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

கப்பலுக்கு முந்தைய நாள் சித்தி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எங்களைக் கல்லூரிக்குக் கூட்டிப்போனாள். மேடம் எங்களைப் பார்த்து முகம் சுளித்தார். "அதான் சொல்லிட்டேனேம்மா. இப்ப என்ன மாறிடுச்சு?"

"காத்த மறந்துட்டேன் மேடம்" என்றாள் அக்கா.

மேடத்துக்கு என்ன புரிந்ததோ, பந்தைத் தூக்கிப் போட்டார். அக்கா எறிந்தாள். அசையாமல் தொங்கிய அந்த வெள்ளை வலை முதல் தடவையாக அசைந்தது. பிறகு அசைந்துகொண்டே இருந்தது. எத்தனை என்று நான் எண்ணவில்லை. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, மேடம் சித்தியைப் பார்த்து, "நீங்க அம்மாவா?" என்று கேட்டார். "இல்லீங்க, சித்தி. அம்மா கடலுக்கு அந்தப் பக்கம்" என்றாள் சித்தி. அவளை நான் அன்றிலிருந்து தெய்வமாக வைத்திருக்கிறேன், அவள் காதில் விழுந்தால் கேலி பண்ணுவாள்.

இடமும் விடுதியும் கிடைத்துவிட்டதென்று சித்தி வீட்டில் சொன்னதும் அப்பா கேட்டுக்கொண்டார். "சரி" என்ற ஒரு சொல்தான். மறுநாள் எங்கள் கப்பல் நகர்ந்தபோது அக்கா சித்தியோடு துறைமுகத்தில் நின்று கையாட்டினாள். அப்பா கம்பியைப் பிடித்தபடி, கரை மறைந்த பின்னும் அங்கேயே நின்றார். கண் சிவந்திருந்தது. மகள் தன்னை மீறிப் போய்விட்ட வருத்தம் என்று நான் நினைத்தேன். அவர்மேல் எனக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அதற்கப்புறம் அக்கா எங்களுக்குச் செய்தியாகத்தான் வந்தாள். முதல் வருடம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இரண்டாம் வருடம் கல்லூரி அணியின் ஐவரில் ஒருத்தி, அப்புறம் பல்கலைக்கழக அணி. கப்பலில் வரும் பழைய பேப்பரில் அவள் படம் வந்ததும் பெங்காலி ஆன்ட்டி ஜங்லிகாட் கடைத்தெரு முழுக்க அதைக் காட்டிவிட்டு வந்தாள். படத்தில் அக்கா குனியவே இல்லை. மூன்றாம் வருடம் அவளே கேப்டன். அந்த ஆகஸ்டில், சுதந்திர தின விளையாட்டுக்காக அவள் கல்லூரி அணியைத் தீவுக்கு அழைத்திருந்தார்கள், எங்கள் தீவுப் பெண்களோடு ஆட. அதுவும் எங்கள் பழைய சிமென்ட் மைதானத்தில்.

ஊரே வந்திருந்தது. பி.டி. மாஸ்டர் புதுக் குடையோடு வந்திருந்தார். காற்று பேய்க்காற்று. முதல் பந்தை அக்கா எறிந்தாள், அழகாக, நேராக. காற்று அதைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் போட்டது. கூட்டம் சிரித்தது. "மெயின்லாண்ட் போயி பூல் கயீ!" என்று ஒருவன் கத்தினான், மறந்துபோய்ட்டாளாம். அவளுக்குக் காற்று தெரியாமல் இல்லை. எவ்வளவு தள்ளி எறிவது என்பது கையைவிட்டுப் போயிருந்தது. அடுத்ததை ரொம்பக் கடல் பக்கம் எறிந்தாள், அது வளையத்தையே தொடவில்லை. அவளுடைய அணிப் பெண்கள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது பின்னால் சுவரோரத்திலிருந்து ஒரு குரல், கடலில் படகுக்குப் படகு கூப்பிடுகிற குரல்:

"கடல் பக்கமா ஒரு பந்து அகலம் விடு தாயி! ஒரே பந்து அகலம்! அவ்வளவுதான் நீ எப்பவும் விடுவ!"

காக்கி உடையில் அப்பா. சுவர் இடிந்திருந்த இடத்தில், வெளியே தெருவில் நின்றிருந்தார். அந்த இடைவெளியில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு மண் தேய்ந்து பள்ளமாகிக் கிடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா திரும்பினாள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். நடுவர் விசில் ஊதினார், அவள் காதில் விழவில்லை. அப்புறம் வளையத்தைப் பார்த்துத் திரும்பி, ஒரு பந்து அகலம் தள்ளி எறிந்தாள். காற்று அதைக் கொண்டுவந்து உள்ளே போட்டது. அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனாலும் தீவுப் பெண்கள்தான் ஜெயித்தார்கள், ஊருக்கு யாருக்காகக் கை தட்டுவது என்றே தெரியவில்லை.

அன்று மாலை அம்மா சூரை மீன் குழம்பு வைத்திருந்தாள். எல்லோரும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தோம். அக்கா சோற்றில் கை வைக்கவில்லை.

"அப்பா, அந்த ஹால்ல. முதல் பந்துலயே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா?"

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "முதல் பந்துல இல்ல. ரெண்டாவதுல."

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"அப்பப் பின்ன ஏன்பா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அங்கயே நின்னுருவியே தாயி. கூட வந்திருக்க மாட்டியே."

ஒரு சாக்குகூடச் சொல்லவில்லை. காற்றில் வாழ்கிற மனிதர், மகளின் பந்தை யாருக்கும் தெரியாமல் வருடக்கணக்காகப் பார்த்தவர், ஒரு சொல்லில் அவளுக்கு வழி திறந்துவிட்டிருக்கலாம், திறக்கவில்லை. கெட்ட மனது அல்ல, பயம். இன்று எனக்கும் பிள்ளைகள் கடலுக்கு அந்தப் பக்கம். அந்தப் பயத்தின் ருசி எனக்குத் தெரியும். அன்று தெரியாது. அன்று நான் அக்கா பக்கம்.

அக்கா எழுந்தாள். "எனக்குச் சோறு வேணாம்மா" என்று சொல்லிவிட்டு, அணி தங்கியிருந்த இடத்துக்கே போய்விட்டாள். அப்பாவும் கையைக் கழுவிவிட்டார். காலையில் அம்மா இட்லி வைத்தாள், அதையும் தொடாமல் கிளம்பினார். அன்று ஹாடோ துறையிலிருந்து அக்காவின் கப்பல் புறப்படுகிற நாள். அம்மா தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டு என் கையில் கொடுத்து, "நீயும் கூடப் போ. இதச் சாப்பிட வை" என்றாள்.

என்னையும் ஏற்றிக்கொண்டு அப்பாவின் படகு கப்பலோடு கூடவே போனது. ராஸ் தீவைத் தாண்டி, அலை பெரிதாகும் இடத்தில் பைலட் கயிற்றேணியில் இறங்கி எங்கள் படகுக்கு வந்தார். அத்தோடு அப்பாவின் வேலை முடிந்தது, திருப்ப வேண்டும். அவர் திருப்பவில்லை. மேலே தளத்தில் நீல ட்ராக் சூட்டில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்களுக்குள் ஒரு தலை மட்டும் உயரமாகத் தெரிந்தது. அது எங்களைப் பார்க்காமல் திரும்பியிருந்தது. பைலட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாரங், சலேன்?" என்றார், கிளம்பலாமா என்று.

அப்பா சுக்கானில் கை வைத்தார். அப்போது அந்த உயரமான தலை கம்பியோரம் வந்தது. அக்கா இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, காற்றுக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்தினாள்:

"அப்பா! சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன் தாயி!" என்று அப்பா கத்தினார். "நீ சாப்ட்டியா?"

அக்கா தலையை ஆட்டினாள். ஆம் என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா, தெரிவதற்குள் கப்பல் திரும்பிவிட்டது. அப்பா படகைக் கரைக்குத் திருப்பினார். கொஞ்ச தூரம் வந்ததும், சுக்கானிலிருந்து ஒரு கையை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் தூக்குச்சட்டியைத் திறந்து கொடுத்தேன். ஒரு கையால் படகை ஓட்டிக்கொண்டு, மறு கையால் அள்ளி அள்ளி, சட்டி காலியாகும் வரை சாப்பிட்டார்.